ரசீதுக்கு அப்புறம் ஒரு கடிதம்

2022 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். உறைபனியில் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்த நாட்கள். கோத்தகிரியில் எங்கள் அலுவலகத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த மெயில் வந்திருந்தது. நான்கு வருடமாக எங்களுக்கு நிதி கொடுத்துவந்த நிறுவனம் மார்ச் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. மொத்தமே நான்கு வரி. கடைசி வரியில் எங்கள் பணிக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் சின்ன டிரஸ்ட். தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன்களிலும், குஞ்சப்பனை, கீழ்கோத்தகிரி பக்கத்து இருளர் ஊர்களிலும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். அப்போது ஒன்பது வகுப்புகள், 190 பிள்ளைகள். ஒவ்வொரு வகுப்பையும் அந்த ஊரிலேயே பிறந்து படித்த ஒரு பெண் நடத்துவார். வருடச் செலவு 14 லட்சம் ரூபாய். அதில் 10 லட்சம் அந்த ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு என்பதால் நான்தான் போன் செய்தேன். அங்கே சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனத்தின் சமூகப் பணி நிதி வேலையைப் பார்த்துக்கொண்ட பெண்மணி ஒளிக்காமல் பேசினார். "மேடம், உங்க வேலையில குறை எதுவும் இல்லை. ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் உங்ககிட்டேருந்து மெயில் வரும். நிதியாண்டு முடிஞ்சா பயன்பாட்டுச் சான்றிதழ், டிசம்பர் வந்தா அடுத்த வருஷத்துக்கான புரொப்போசல். நடுவுல அங்க என்ன நடக்குதுன்னு எங்க டைரக்டர் கேட்டா, சொல்றதுக்கு என்கிட்ட ஒன்னுமே இருக்காது."

போனை வைத்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரவு பகலாக வேலை செய்கிறோம், மெயில் அனுப்பவில்லை என்பதற்காகவா நிறுத்துவார்கள் என்று. மூன்று நாள் கழித்துத்தான் அவர் சொன்னது உறைத்தது. அந்தப் பெரிய கட்டடத்துக்குள் எங்களுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் அவர். பேசுவதற்கு அவர் கையில் நாங்கள் எதையும் கொடுத்திருக்கவில்லை.

மலையில் வேலை செய்பவர்களுக்கு இதில் இன்னொரு சிரமமும் உண்டு. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் தொழில் செய்யும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீலகிரியில் அப்படி என்ன இருக்கிறது? ஊட்டியில் பிலிம் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிவிட்டது. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. மற்றபடி கண்ணில் படுவதெல்லாம் தேயிலைத் தொழிற்சாலைகள். அவற்றில் சின்னவற்றுக்கு இந்த வரம்பு எட்டாத உயரம். ஆகவே பெரிய பணமெல்லாம் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு நீலகிரி என்றால் சுற்றுலா இடம். இங்கே படிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது.

பிப்ரவரியில் ரசீதுப் புத்தகங்களை எல்லாம் எடுத்து மேசைமேல் போட்டேன். பதினொரு வருடக் கார்பன் நகல்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணியதில் 214 தனிநபர்கள் எங்களுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். ஒரு தடவைக்கு மேல் கொடுத்தவர்கள் 19 பேர்.

இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் மொய் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. அம்மா வீடு காரமடை. என் காதுகுத்துக்கு யார் வந்தார்கள், என்ன வைத்தார்கள் என்பது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. ஏதாவது ஒரு வீட்டிலிருந்து பத்திரிகை வந்தால் அம்மா நோட்டைப் புரட்டுவார். தொகையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதற்கு மேலும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இவங்க மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னாங்களே, கேக்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே போனை எடுப்பார். எங்கள் ரசீதுப் புத்தகத்தில் பெயர் இருந்தது, தொகை இருந்தது, காசோலை எண் இருந்தது. அந்த மனிதர் யார், எங்களை எப்படித் தெரிந்துகொண்டார், எதைப் பார்த்துக் கொடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஆளுக்கு ஒரு பக்கம். பிறகு அதை எக்செலிலும் ஏற்றினோம், ஆனால் இன்றும் நான் நம்புவது நோட்டைத்தான். யார் சொல்லி வந்தார், என்ன கேட்டார், கடைசியாகப் பேசிய தேதி, அவருக்கு நாங்கள் சொல்வதாகச் சொல்லி இன்னும் சொல்லாமல் இருப்பது என்ன. கடைசிக் குறிப்புதான் முக்கியம். உங்களிடம் மென்பொருள் வாங்கப் பணம் இல்லை என்றால் கவலையே படவேண்டாம். நாற்பது ரூபாய் நோட்டு போதும், அதை வாராவாரம் திறக்கும் ஒரு ஆள் வேண்டும்.

அப்புறம் போன் செய்ய ஆரம்பித்தேன். மூன்று வாரம் எடுத்தது. 61 எண்கள் உபயோகத்தில் இல்லை. 40 பேர் எடுக்கவில்லை. 9 பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்த வீடுகளில் பேசியதைப் பற்றி எழுத இப்போதும் மனம் வரவில்லை. மீதி 104 பேரிடம் பேச முடிந்தது.

இந்த அழைப்புகளுக்கு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பணம் கேட்கக் கூடாது. அவர்களே கேட்டாலும், அடுத்த மாதம் சொல்கிறேன் என்றுதான் சொல்லவேண்டும். "ஐயா, 2016ல எங்களுக்கு 5,000 ரூபாய் குடுத்தீங்க. அன்னிக்கு ரசீது மட்டும் அனுப்பினோம். அந்தப் பணத்துல என்ன செஞ்சோம்னு இப்ப சொல்லலாமுன்னு கூப்பிட்டேன்." இதைச் சொல்ல வேண்டுமானால் அந்த வருடக் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பணம் எங்கே போனது என்று முதலில் நான் தேடவேண்டியிருந்தது. ஒரு அழைப்புக்கு அரை மணி நேரத் தேடல். சிலருடைய பணத்துக்கு என்னால் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை. பொதுச் செலவில் கலந்திருந்தது. அதையும் அப்படியே சொன்னேன்: ஆசிரியர் ஊதியத்திலும் ஜீப் வாடகையிலும் சேர்ந்திருக்கிறது, தனியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

குன்னூரில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "பணம் எங்க போச்சோன்னு எனக்குச் சந்தேகம் இல்லம்மா. ஆனா யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு ரெண்டு மூணு வருஷம் பாத்தேன். அப்புறம் வேற ஒரு இல்லத்துக்குக் குடுக்க ஆரம்பிச்சுட்டேன்." வாழ்நாள் முழுக்கக் கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், எங்களிடமிருந்து ஒரு கடிதத்தை எதிர்பார்த்து இருந்திருக்கிறார். அந்த இல்லத்துக்குக் கொடுப்பதை நிறுத்தாமலே, நான்கு மாதம் கழித்து எங்களுக்கும் மாதம் 500 அனுப்ப ஆரம்பித்தார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இது தெரியாமல் இரண்டு மாதம் வீணானது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு அனுப்பினால், நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச்சேரும். முதல் அழைப்பிலேயே "இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

மாதம் ஒரு பக்கக் கடிதம் என்று முடிவு செய்தோம். போனில் படிப்பவர்களுக்கு வாட்ஸ்அப், வயதானவர்களுக்கு ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டிய உறை. முதல் கடிதத்தை நான் எழுதினேன். அதில் 'வறுமையின் பிடியில் வாடும் பிஞ்சுகள்' என்று ஒரு வரி இருந்தது. கிழிந்த சட்டையும் சேறு படிந்த காலுமாக ஒரு சிறுமி நிற்கும் போட்டோ. அச்சடித்த கடிதங்களை அலுவலகத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது, இருளர் ஊர் ஒன்றில் வகுப்பு நடத்தும் பெண் ஊதியம் வாங்க வந்தவர் ஒன்றை எடுத்துப் படித்தார். முடிக்கும்வரை பேசவில்லை.

"அக்கா, இந்தப் பாப்பா அன்னிக்கு பந்து விளையாடிட்டு வந்துச்சு. அதான் சேறு. அவங்க அம்மா தினமும் குளிக்க வெச்சு, தலை சீவித்தான் வகுப்புக்கு அனுப்பும். இதை அவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? எங்க ஊர்லயும் படிக்கத் தெரிஞ்சவங்க இருக்கோம்க்கா."

நான் அதுவரை அந்தக் கடிதம் கீழே, கோவைக்குப் போவதாக மட்டும்தான் நினைத்திருந்தேன். அது யாரைப் பற்றியதோ அவர்கள் கையிலும் கிடைக்கும் என்று தோன்றவே இல்லை. அன்றைக்கு அச்சடித்த 120 பிரதிகளையும் அனுப்பவில்லை. மறுநாள் அந்த ஊருக்குப் போய் அந்தத் தாயைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "போட்டோ வேணும்னா திருவிழாவுக்கு எடுத்தது இருக்குது, நல்லா இருக்கும்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு வழக்கம் வந்தது. எந்த ஊரைப் பற்றி எழுதுகிறோமோ அந்த வகுப்பில், பிள்ளைகளும் வந்திருக்கும் பெற்றோரும் கேட்க, கடிதத்தை முழுக்க வாசிப்போம். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வரி போய்விடும். பிள்ளைகளின் முகத்தையும் ஊர்ப் பெயரையும் ஒரே இடத்தில் போடுவதில்லை. பெற்றோர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் படம் இல்லை. பரிதாபத்தை எடுத்துவிட்டால் யார் பணம் தருவார்கள் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். அந்த பயம் எனக்கும் இருந்தது. நடந்தது வேறு. பரிதாபப்பட்டுக் கொடுத்தவர்கள் ஒரு தடவை கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதற்கு அந்த ரசீதுப் புத்தகமே சாட்சி. போன மாதம் ஆறாம் வகுப்புப் பையன் எதில் தடுமாறினான், இந்த மாதம் அதைத் தாண்டினானா என்று தொடர்ந்து படித்தவர்கள், அடுத்த கடிதம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அஞ்சல் அட்டையின் விலை இப்போதும் 50 காசுதான். வருடத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அட்டை எழுதுவார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: நன்றி என்று எழுதக் கூடாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாருக்கும் கடன்பட்டவளாக வளரக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த வாரம் பார்த்ததை எழுதட்டும். 'எங்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டெருமை குட்டி போட்டிருக்கிறது. நாங்கள் அந்த வழியாகப் போவதில்லை. பாட்டி வேறு வழியில் கூட்டிப்போகிறார்.' இந்த அட்டையைத் தன் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பதாக மேட்டுப்பாளையத்து ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார்.

கெட்ட செய்தியைச் சொல்வதுதான் நாங்கள் கடைசியாகக் கற்றுக்கொண்டது. 2022 ஆகஸ்டில் திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் 40 சோலார் விளக்கு வாங்கிக் கொடுத்தார். கரண்ட் சரியாக வராத ஊர்களில் பிள்ளைகள் வீட்டில் படிப்பதற்கு. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நவம்பர் முழுக்க மழையும் மூடுபனியும். வெயில் இல்லாமல் விளக்குகள் சார்ஜ் ஏறவில்லை, ஈரம் வேறு உள்ளே இறங்கியது. டிசம்பரில் எண்ணிப் பார்த்தபோது 17 விளக்குகள் எரியவில்லை.

குழுவில் விவாதம் நடந்தது. அவராகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எரிகிற 23 விளக்கைப் படம் எடுத்து அனுப்பலாம் என்று ஒருவர். எனக்கு அந்த சி.எஸ்.ஆர். பெண்மணியின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று இரவே திருப்பூர்க்காரருக்கு எழுதினேன். எத்தனை எரியவில்லை, ஏன், இந்த ஊரின் மழைக்காலத்தை நாங்களே யோசிக்காமல் கேட்டது எங்கள் தவறு, இனி என்ன செய்யலாம் என்று நினைக்கிறோம். காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. "ஏனுங்க, வாரண்டி கார்டு இருக்குதுங்களா?" இதுதான் அவர் முதலில் கேட்டது. கடைக்காரரிடம் அவரே பேசி 17 விளக்கையும் மாற்றிக் கொடுத்தார், கூடவே கரண்டில் சார்ஜ் போடும் வயரும் வாங்கி அனுப்பினார். வருடா வருடம் இப்போது தருகிறார்.

எல்லோரும் அப்படி இல்லை. அதற்கு அடுத்த வருடம் ஒரு வகுப்பை மூடவேண்டி வந்ததை எழுதியபோது, அந்த ஊருக்கென்று பணம் தந்துவந்த ஒரு குடும்பம் நிறுத்திக்கொண்டது. திரும்ப அழைத்தும் பேசவில்லை. அதையும் தாங்கத்தான் வேண்டும். ஆனால் மறைத்து வைத்து, அவர்கள் வேறு யார் வழியாகவோ தெரிந்துகொண்டிருந்தால், அந்தக் குடும்பத்தோடு அவர்களுக்குத் தெரிந்த பத்துக் குடும்பங்களும் போயிருக்கும். கோத்தகிரி சின்ன ஊர். மார்க்கெட்டில் ஒருவர் காதில் விழுந்தது மாலைக்குள் எல்லா ஹட்டிக்கும், அதாவது படுகர் ஊர்களுக்கும், போய்விடும்.

புரொப்போசல் பற்றி ஒன்று. எங்களுடையது 18 பக்கம் இருக்கும். 'முழுமையான வளர்ச்சி', 'விளிம்புநிலை மக்களின் மேம்பாடு' என்று எல்லா நல்ல சொற்களும் அதில் இருந்தன. கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிலதிபர் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "2021லேருந்து கவர்மென்டே இல்லம் தேடிக் கல்வி நடத்துதுங்களே, நீங்க எதுக்குங்க?" என்னிடம் பதில் இல்லை. ஏதோ சொன்னேன், அவர் தலையாட்டினார், டீ கொடுத்து அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் மலை ஏறும்போது முழுக்க அந்தக் கேள்விதான். மறுநாள் ஆசிரியர்களைக் கூட்டி அதையே அவர்களிடம் கேட்டேன். பதில் அவர்களிடம் தயாராக இருந்தது. "ஒன்னாவது ரெண்டாவது படிக்கிற எங்க பிள்ளைக ஸ்கூல்ல வாயே தொறக்காதுங்கக்கா. வீட்டுல இருள பாஷை. டீச்சர் பேசுற தமிழ் பாதிதான் புரியும். மக்குன்னு பின்னாடி உக்கார வெச்சுருவாங்க. நாங்க ரெண்டு பாஷையிலயும் சொல்லித் தர்றோம்." அப்புறம் யானை. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் இறங்கி வரும். பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விடும் ஆள் இல்லாமல் அங்கே எந்த மாலை வகுப்பும் நடக்காது. எங்கள் ஆசிரியர்கள் அதையும் செய்கிறார்கள். 18 பக்கத்தில் எங்கேயும் இது இல்லை! ஒரு பக்கத்தில் இதை மட்டும் எழுதிக்கொண்டு ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று பதில் தெரியவில்லை, கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். ஒன்றரை லட்சம் கொடுத்தார். உங்கள் அமைப்பு ஏன் தேவை என்பதற்கான சொற்கள் பெரும்பாலும் அலுவலகத்தில் இருக்காது, வேலை நடக்கும் இடத்தில் இருக்கும்.

'நிர்வாகச் செலவு எவ்வளவு?' என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். முன்பெல்லாம் அதைக் குறைத்துக் காட்டப் பார்ப்போம். இப்போது கணக்கை விரித்துவைத்துவிடுகிறேன். அந்த 14 லட்சத்தில் ஒன்பது ஆசிரியர்களுக்கு மாதம் 4,500 வீதம் 4,86,000. சுண்டலும் முட்டையுமாகச் சிற்றுண்டிக்கு 3,68,000. ஜீப் வாடகையும் டீசலும் 2,10,000. ஒருங்கிணைக்கும் இருவருக்கு 2,40,000. மீதி 96,000ல் புத்தகம், வாடகை, ஆடிட்டர். ஒரு பிள்ளைக்கு மாதம் 614 ரூபாய். ஜீப் நிர்வாகச் செலவா என்று கேட்டால், கீழ்கோத்தகிரி ரோட்டில் ஒரு நாள் என்னோடு வாருங்கள் என்று கூப்பிடுகிறேன். வந்தவர்கள் யாரும் மறுபடி அதைக் கேட்டதில்லை.

வந்து பார்ப்பவர்களுக்காகப் பிள்ளைகளை ஆடவைப்பதை நிறுத்திவிட்டோம். நடக்கிற வகுப்பில் வந்து தரையில் உட்காரலாம், அவ்வளவுதான். ஒரு தடவை கோவைக்காரர் ஒருவரிடம் நான்காம் வகுப்புச் சிறுமி தன் வகுத்தல் கணக்கைக் கொடுத்துச் சரியா என்று பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்த பிறகு, நன்கொடையாளர்களுக்கு அதை எடுக்கவும் நாங்களே உதவுகிறோம். மே மாதச் சுற்றுலாக் கூட்டத்தில் வரவேண்டாம், ஆகஸ்டில் வாருங்கள் என்றும் சொல்லிவிடுகிறோம்.

இனி வரி விஷயம். நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு கிடைக்க வழிசெய்யும் 80ஜி அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. 2021-22 நிதியாண்டிலிருந்து, ஒவ்வொரு வருடமும் மே 31க்குள் கொடுத்தவர்கள் விவரத்தை 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தரவேண்டும் என்று வந்தது. முதல் வருடமே நாங்கள் 12 நாள் தாமதம். நாளுக்கு 200 ரூபாய் வீதம் 2,400 கட்டினோம். பணம் போனதைவிட, சான்றிதழுக்குக் காத்திருந்தவர்களிடம் பதில் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. அதனால் பான் எண்ணைப் பணம் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள், ஏப்ரலில் துரத்தாதீர்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை. எனவே வரிச் சலுகையை முன்னால் வைத்துப் பணம் கேட்பதை நான் விட்டுவிட்டேன். 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் அவரிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது என்று கேளுங்கள். வெளிநாட்டு நிதி வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களிடம் இல்லை. இந்தியக் குடிமகனாகவே இருந்து வெளிநாட்டில் வேலை செய்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும், அவர் பிறந்தது குன்னூராகவே இருந்தாலும். கனடாவில் குடியுரிமை பெற்ற ஒருவர் இரண்டு லட்சம் தர முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது. சம்பளம் போடவே பணம் இல்லாத மாதம் அது. அவருக்குச் சட்டத்தை விளக்கி ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். கோத்தகிரியில் இருக்கும் தன் அண்ணனை எங்களிடம் அனுப்பிவைத்தார். அந்த அண்ணன்தான் இன்று ஒரு வகுப்புக்குத் தன் வீட்டு முன் அறையை வாடகை இல்லாமல் கொடுத்திருக்கிறார்.

உள்ளூரில் யார் தருவார்கள் என்று நாங்கள் பதினொரு வருடம் கேட்டுப் பார்க்கவே இல்லை. தேயிலைக்கு விலை இல்லை, இவர்களே கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கேட்டபோது ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் பெஞ்சு செய்து கொடுத்தார்கள். ஹட்டியிலிருந்து கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மூட்டையாக வருகிறது. ஓய்வுபெற்ற படுகர் ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமை கணக்கு எடுக்கிறார். இவர்கள் பெயரும் நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. மாதக் கடிதமும் போகிறது, லட்சம் கொடுத்தவருக்குப் போகும் அதே கடிதம்.

2024-25 கணக்கு முடித்தபோது 163 பேர் மாதாமாதம் தருபவர்களாக இருந்தார்கள், அவர்களிடமிருந்து 6,40,000. கோவை நிறுவனங்கள் இரண்டு சேர்ந்து 3,00,000. மற்றது 1,10,000. செலவு 10,80,000. முப்பதாயிரம் துண்டு விழுந்ததை ஏப்ரல் கடிதத்தில் எழுதினோம். ஒன்பது வகுப்பில் இரண்டை மூடவேண்டியதாகிவிட்டது. அந்த ஊர் வழியாகப் போகும்போது இப்போதும் பிள்ளைகள் ஜீப்பைப் பார்த்துக் கை காட்டுகிறார்கள். ஆசிரியர் ஊதியம் இன்னும் 4,500லேயே நிற்கிறது. அதை 6,000 ஆக்க வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் முதல்முறையாக நன்கொடையாளர்களுக்கும் அதை எழுதினோம்.

நேற்று குஞ்சப்பனைக்குப் போயிருந்தேன். பலா பழுக்க ஆரம்பித்துவிட்டதால் வகுப்பை ஐந்துக்குப் பதில் நான்கு மணிக்கே தொடங்குகிறோம். இந்த மாதக் கடிதத்தை ஆசிரியர் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். 'மூன்று யானைகள் ஊருக்குப் பக்கத்தில் நிற்கின்றன' என்ற வரி வந்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து நின்றான்.

"மூணு இல்லக்கா, அஞ்சு. ரெண்டு குட்டி."

பேனாவை வாங்கித் திருத்திக்கொண்டேன். இன்று தபாலில் போகிறது.